மலைப்பாதையில் விலங்கு எதிர்ப்பட்டால்

யானை வந்தால் என்ன செய்வது, கரடி வந்தால் என்ன செய்வது? மலையில் நடக்கக் கிளம்புகிற யாரும் முதலில் கேட்பது இதைத்தான். பதில்களுக்கும் பஞ்சமில்லை. செத்தவர்போல் படுத்துக்கொள் என்கிறது ஒரு வாட்ஸ்அப் செய்தி. கைகளை உயர்த்திப் பெரிய உருவமாகத் தெரியும்படி நின்று கத்து என்கிறது இன்னொன்று. வளைந்து வளைந்து ஓடினால் யானை தடுமாறும் என்கிறது வேறொன்று. இவற்றில் பல, வட அமெரிக்க மலைகளின் கரடிகளையும் பூமாக்களையும் மனத்தில் வைத்து அங்கே எழுதப்பட்டவை. அந்த விலங்குகளின் குணம் வேறு, அந்தக் காடுகள் வேறு, அங்கே நடப்பவர்களும் வேறு. விடுமுறைக்கு முதுகுப்பை மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கான குறிப்புகள் அவை. நம் மலைகளில் விலங்கை எதிர்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள்.

நீலகிரி, ஆனைமலை, கொடைக்கானல் பகுதிகளிலும் அண்டையில் திருமலையிலும் நடந்தவற்றையும், ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது. மனிதரைத் தேடி வந்து தாக்கும் விலங்கு அரிது. இரு தரப்பும் அறியாமலே மிக நெருங்கிவிடுவதுதான் பெரும்பாலான சாவுக்கும் காயத்துக்கும் காரணம். ஆகவே எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை, எதிர்ப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேட்டாக வேண்டும் என்பது என் கருத்து. எந்த நேரத்தில், எந்தப் பாதையில், யாருடன், எதைத் தெரிந்துகொண்டு கிளம்பினோம் என்பதிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது.

இதற்கு வால்பாறையைவிட நல்ல சான்று கிடைக்காது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மேட்டுநிலம் அது. தேயிலைத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும், நடுநடுவே துண்டு துண்டாக மிஞ்சிய சோலைகளும், அவற்றைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும். யானைகள் பகலில் சோலைத் துண்டுகளிலும் நடு ஆறு என்ற ஆற்றின் கரை மரக்கூட்டத்திலும் தங்கி, பொழுது சாய்ந்தபின் தேயிலைக்குள் இறங்கி அடுத்த சோலைக்கு நடக்கும். அதே நேரத்தில்தான் தோட்டத் தொழிலாளர்கள் பேருந்திலிருந்து இறங்கி லைன் வீடுகளுக்கு நடப்பார்கள். 1994-க்கும் 2012-க்கும் இடையில் அந்த மேட்டில் யானை தாக்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 40 பேர். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு சாவையும் விசாரித்தபோது, இறந்தவர்களில் மிகப் பலருக்கு அருகில் யானை இருப்பதே தெரியாமல் இருந்தது புலப்பட்டது. துணிச்சல் குறைந்ததாலோ, ஓடத் தெரியாததாலோ அவர்கள் சாகவில்லை. செய்தி போய்ச் சேராததால் செத்தார்கள்.

அந்தக் குழு செய்தது எளிய காரியம். யானைக் கூட்டம் இன்று எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்பதை மாலையில் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகப் போட்டார்கள். பதிவு செய்துகொண்டவர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். முக்கியமான இடங்களில் உயரமான கம்பம் நட்டு அதன் உச்சியில் சிவப்பு விளக்கு பொருத்தினார்கள். அந்த விளக்கைக் கைப்பேசி அழைப்பு மூலம் ஏற்றலாம், அணைக்கலாம். ஏற்றும் பொறுப்பு அந்தந்த ஊர் மக்களிடமே கொடுக்கப்பட்டது. தூரத்திலிருந்தே விளக்கு மினுக்குவதைப் பார்த்தால் நடப்பவர் நின்றுவிடுவார், அல்லது நாலைந்து பேர் சேரும்வரை காத்திருப்பார், அல்லது வேறு வழியாகப் போவார். உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. 2015-இல் இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. யானையை விரட்டவும் இல்லை, பிடித்து வேறு காட்டில் விடவும் இல்லை, அகழி வெட்டவும் இல்லை. யானை எங்கே இருக்கிறது என்று சொன்னார்கள், அவ்வளவுதான். இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 500 பேர் யானையால் இறக்கிறார்கள் என்ற கணக்கோடு சேர்த்துப் பார்க்கும்போது இந்த எளிமையின் பெருமை விளங்கும்.

விளக்கும் குறுஞ்செய்தியும் இல்லாத பாதையில் நடப்பவர் தாமேதான் செய்தி திரட்ட வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வேலை செய்யும் இருளர், குறும்பர், காடர், முதுவர் ஆட்களுடன் நடந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அவர்கள் முதலில் பார்ப்பது தரையை. யானை லத்தி கிடந்தால் அதன் மேல்பக்கம் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், காலால் புரட்டி உள்ளே ஈரமும் சூடும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதில் வண்டு விழுந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். ஒடிந்த மூங்கிலின் முறிவு இன்னும் வெளிறிக் கசிந்தால் கூட்டம் பக்கத்தில்தான். சேற்றில் பதிந்த காலடியில் கலங்கல் நீர் இன்னும் தெளியாமல் இருந்தால் அதைவிடப் பக்கத்தில். அப்புறம் மூக்கு. யானை மணம், காற்றின் திசை சரியாக இருந்தால், உருவம் தெரிவதற்கு முன்பே எட்டும். பிறகு காது. யானை அசையாமல் நின்றாலும் வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற உறுமல் கேட்கும். மூங்கில் முறியும் ஓசையைவிட அந்த ஓசை திடீரென்று நின்றுபோவதுதான் அவர்களை நிற்க வைக்கும். ஏனென்றால் யானை நம்மை அறிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

யானைக்குப் பார்வை சுமார், மோப்பமோ அபாரம். காற்று நம்மிடமிருந்து அதை நோக்கி வீசினால் நாம் ஒளிந்து பயனில்லை. ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றைப் பார்த்துவிட்டு ஒதுங்குவது அதனால்தான். ஓட்டத்தைப் பொறுத்தவரை ஆசிய யானை மணிக்கு 25 கிலோமீட்டர் அளவுக்கு ஓடக்கூடியது என்று அளந்திருக்கிறார்கள். சமதரையில் பழகிய ஓட்டக்காரர் வேண்டுமானால் தப்பலாம். வேரும் கல்லும் உண்ணிச்செடியும் நிறைந்த மலைப்பாதையில் அரண்டுபோன ஒருவர் தப்புவது கடினம். சரிவில் ஓடினால் யானை வராது என்பதையும் நம்பிவிடக் கூடாது. செங்குத்தான சரிவுகளில் பின்னங்கால்களை மடக்கிச் சறுக்கி இறங்கும் விலங்கு அது. ஓட நேர்ந்தால் பெரிய மரங்கள், பாறைகள் இவற்றை இடையில் வைத்து விலகுவதும், பையையோ துண்டையோ கீழே போட்டுவிட்டு அதன் கவனம் அதில் நிற்கும் கணத்தில் தூரம் பிடிப்பதும்தான் கைகண்டவர்கள் சொல்வது. காதை விரித்துத் தலையை ஆட்டிப் புழுதி கிளப்பினால் பெரும்பாலும் அது எச்சரிக்கை. அப்போது முதுகு காட்டாமல் மெதுவாகப் பின்வாங்க இடமுண்டு. தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு ஓசையில்லாமல் வந்தால் அது விளையாட்டல்ல. கன்னப்பொறியிலிருந்து மதநீர் வழியும் ஒற்றைக் கொம்பனைத் தொலைவில் கண்டாலும் அன்றைய நடையை முடித்துக்கொள்வதே சரி. 2025 ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் யானையுடன் செல்ஃபி எடுக்கப் போனவரை யானை துரத்தி மிதித்தது. அவர் உயிர் பிழைத்தார், வனத்துறை 25,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்த அபராதம் எனக்கு நியாயமாகவே படுகிறது. அவர் மிரட்டிவிட்டுப் போன யானையின் எதிரே அடுத்து வரப்போகிறவர் விறகு சுமக்கும் ஒரு பெண்ணாக இருக்கலாம்.

யானைக்கு அஞ்சும் அளவுக்கு நம்மவர்கள் கரடிக்கு அஞ்சுவதில்லை. ஆனால் மலையில் வாழ்கிறவர்களைக் கேட்டால் கரடியைத்தான் முதலில் சொல்வார்கள். நம் கரடி கறையான் புற்றைத் தோண்டி மூக்கை உள்ளே நுழைத்து உறிஞ்சித் தின்பது. அந்த வேளையில் அதன் உறிஞ்சல் சத்தமே அதன் காதை அடைத்துவிடும். கண் பார்வையும் குறைவு. ஆள் பத்தடியில் வந்த பிறகுதான் அதற்குத் தெரியும். தெரிந்தவுடன் ஓடி ஒளிவது அதன் இயல்பில் இல்லை. புலியும் யானையும் உலவும் காட்டில், ஆபத்துக்கு மரமேறித் தப்பாமல் நின்று எதிர்த்தே பிழைத்து வந்த இனம் அது. எழுந்து நின்று, நீண்ட நகங்களால் முகத்தையும் தலையையும் குறிவைக்கும். 1989-க்கும் 1994-க்கும் இடையே மத்தியப் பிரதேசத்தில் கரடியிடம் சிக்கியவர்கள் 700-க்கும் மேற்பட்டோர், இறந்தவர்கள் 50-க்கும் குறைவு என்கிறது ஓர் ஆய்வு. பிழைத்தவர்களில் எத்தனை பேர் கண்ணையோ மூக்கையோ இழந்து வாழ்ந்தார்கள் என்பது சாவுக் கணக்கில் வராது.

ஆகவே யானைக் காட்டில் ஓசையின்றி நடப்பவர்கூட, கரடி உள்ள புதர்க்காட்டில் பேசிக்கொண்டும் கோலைத் தட்டிக்கொண்டும் நடக்க வேண்டும். இரண்டும் ஒரே காட்டில் இருக்கும்போது எதைப் பின்பற்றுவது என்று கேட்டால், திறந்த வெளியில் அமைதியாகவும், பார்வை மறையும் வளைவிலும் புதரிலும் நீரோடைச் சத்தத்துக்குப் பக்கத்திலும் குரல் கொடுத்துக்கொண்டும் போகலாம் என்பதே பழகியவர்களின் வழக்கம். கரடி மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொண்டு முகத்தைத் தரையோடு அழுத்தச் சொல்கிறார்கள் கரடி ஆய்வாளர்கள். கையில் அரிவாள் வைத்திருந்த விறகுவெட்டிகள் எதிர்த்துப் பிழைத்ததும் உண்டு. ஆனால் அது சாதாரணமாக நடக்கிறவருக்குச் சொல்லக்கூடிய வழியல்ல.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடிகள் ஊருக்குள்ளேயே வந்துவிட்டன. கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடிப்பது, சத்துணவுக் கூடத்தில் எண்ணெயும் வெல்லமும் தேடுவது, பேக்கரிக் குப்பையைக் கிளறுவது இப்போது அங்கே அடிக்கடி கேள்விப்படும் சேதி. கொழுப்பும் இனிப்பும் மணக்கும் இடத்தை ஒருமுறை கண்டுகொண்ட கரடி மறுபடியும் வரும். இடுப்பளவு வளர்ந்த தேயிலைச் செடிகளுக்கிடையே குனிந்து நிற்கும் கரடியைப் பத்தடி தள்ளி நடப்பவரால் பார்க்க முடியாது. விடிகாலையில் அந்தப் பாதையில் நடந்து போகிறவர் பால் ஊற்றப் போகிறவராக இருப்பார்.

காட்டுமாட்டின் கதை இதிலிருந்து வேறு. பத்திரிகைகள் காட்டெருமை என்றே எழுதுகின்றன, ஆனால் அது எருமை இனமில்லை. வளர்ந்த காளை ஆயிரம் கிலோவை நெருங்கும். கால்களில் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நின்று அமைதியாக மேயும். கொடைக்கானலில் கடைத்தெருவிலேயே நடமாடுகிறது, குன்னூரில் வீட்டுத் தோட்டத்தில் படுத்திருக்கிறது. இந்த அமைதிதான் ஏமாற்றுவது. கூட்டத்தைவிட்டுப் பிரிந்த ஒற்றைக் காளையும் கன்று ஈன்ற பசுவும் ஆளை நெருங்க விடுவதில்லை. மூச்சைச் சீறி விட்டு, தலையைத் தாழ்த்தி ஆட்டி, பக்கவாட்டில் திரும்பி உடம்பின் முழுப் பருமனையும் காட்டும். அந்தப் பக்கவாட்டுத் திருப்பத்தைப் படம் எடுக்க வசதியான நிலையாக நினைத்து நெருங்கும் பயணிகள் உண்டு. அது கடைசி எச்சரிக்கைக்கு முந்தியது. பாதையில் நின்றால் வந்த வழியே திரும்பி, அது ஒதுங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி தேட வேண்டாம்.

சிறுத்தையைப் பற்றிப் பேசும்போது 2023 ஆகஸ்டில் திருமலையில் நடந்ததை விட முடியாது. அலிபிரி நடைபாதையில் குடும்பத்துடன் ஏறிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. இரு மாதங்களுக்கு முன் அதே பாதையில் ஒரு சிறுவன் தாக்கப்பட்டுப் பிழைத்திருந்தான். தேவஸ்தானம், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் நடைபாதையில் அனுமதிப்பதில்லை என்று விதி போட்டது, பக்தர்கள் கையில் தடி கொடுத்தது. தடி கொடுத்ததைக் கேலி செய்தவர்கள் பலர். எனக்கு அது கேலிக்குரியதாகத் தோன்றவில்லை. நிமிர்ந்து நிற்கும் பெரியவரைச் சிறுத்தை பெரும்பாலும் தாக்குவதில்லை. குனிந்து இருப்பவரையும், தனியாக முன்னே ஓடும் குழந்தையையும்தான் தன் இரைபோலக் காண்கிறது. கையில் தடி இருப்பவர் கூட்டத்தோடு நடப்பார், குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார், அதுவே பாதுகாப்பு. சிறுத்தையிடம் மட்டும்தான் அந்த வாட்ஸ்அப் அறிவுரை ஓரளவு பொருந்துகிறது: நிமிர்ந்து நில், கத்து, ஓடாதே, குழந்தையைத் தூக்கிக்கொள். யானையிடம் இதைச் செய்தால் உயிர் போகும்.

சிறுத்தையைப் பிடித்து வேறு காட்டில் விடு என்ற கோரிக்கை ஒவ்வொரு முறையும் எழும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னரில் 2001 முதல் அப்படித்தான் செய்தார்கள். ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த தாக்குதல்கள் அதன் பின் 17 ஆக உயர்ந்ததை வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் பதிவு செய்திருக்கிறார்கள். அறியாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட சிறுத்தை அலைந்து திரிந்து மனிதரிடம் மோதுகிறது. பழைய இடத்தில் குப்பையும் தெருநாயும் இருக்கும்வரை காலியான இடத்துக்கு இன்னொரு சிறுத்தை வந்துசேர்கிறது.

புலி நடப்பவரைத் தாக்குவது தென்னக மலைகளில் அரிது. 2021 அக்டோபரில் மூன்று வாரத் தேடலுக்குப் பின் மசினகுடிப் பக்கம் உயிரோடு பிடிபட்ட புலியின் கதை அதனாலேயே அவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டது. செந்நாய்க் கூட்டத்தைக் கண்டு மரமேறுகிறவர்கள் உண்டு. அவை காட்டில் மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு இல்லை. வரையாடு, ராஜமலையிலும் வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளிலும் கையெட்டும் தூரத்தில் நிற்கும். அதற்கு ஆபத்து நம்மிடமிருந்து, பிஸ்கட் வடிவில் வருகிறது. குரங்குக்கும் அதே பேச்சுதான்.

பாம்பைப் பற்றி மலைப்பயணிகளுக்குச் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாகப் பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. எல்லாப் பெருவிலங்குகளையும் சேர்த்தாலும் அருகில் வராத எண் இது. இங்கே கிடைக்கும் நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை வைத்துச் செய்யப்படுவது. அந்த நஞ்சில் பெரும்பங்கு செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருவது. அந்த நான்கு பாம்புகளுமே பெரும்பாலும் சமவெளிக்காரர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சருகுக்குள் கிடக்கும் குழிவிரியன்களின் நஞ்சுக்கு அந்த மருந்து வேலை செய்வதில்லை. மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியன் சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது. ஆகவே கடிபட்டவரை அசையவிடாமல் சுமந்து, டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவது இங்கே முக்கியம். பாம்பைத் தொலைவிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் மருத்துவருக்கு உதவும். கணுக்கால் மூடிய காலணியும், கை வைக்கும் இடத்தைப் பார்த்து வைப்பதும் மற்ற எல்லா உபாயத்தையும்விட மேல்.

நம் மொழியில் மலைவழிக்கு எழுதப்பட்ட எச்சரிக்கைக் குறிப்புகள் மிகப் பழையவை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னனைக் காணப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறது. புனத்தைத் தின்னும் பன்றிக்குக் கல்லால் செய்த பொறி வைத்திருப்பார்கள், ஆகவே இருட்டில் போகாமல் விடியும்வரை தங்கிப் போங்கள் என்கிறது. பாம்பு மறைந்திருக்கும் குழிகளைச் சொல்கிறது. யானையை விரட்டக் கவணில் எறியும் கல் உங்கள்மேல் பட்டுவிடும், மரத்தின் பின்னே ஒதுங்கிப் போங்கள் என்கிறது. விலங்குக்கு அஞ்சி மனிதன் வைத்த பொறியும் எறிந்த கல்லும் நடப்பவருக்கு ஆபத்து என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றும் தோட்ட ஓரங்களில் திருட்டு மின்சாரம் பாயும் வேலிகளும், பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியும் யானையையும் கொல்கின்றன, தெரியாமல் குறுக்கே நடப்பவரையும் கொல்கின்றன. மலைநடை பற்றிய இன்றைய கையேடுகள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவது பெரிய குறை.

எதிர்ப்படுதல் ஏன் கூடியது என்பதற்கு விலங்கு பெருகியதை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. புல்வெளிகளைச் சீகை மரமும், காட்டுக்கீழ்த்தளத்தை உண்ணிச்செடியும் விழுங்கிவிட்டன. மேய்ச்சல் இழந்த காட்டுமாடு தேயிலைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் வந்தது. உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து பாதையின் இருபுறமும் சுவர் எழுப்பிவிட்டதால் முன்பு ஐம்பதடியில் தெரிந்த விலங்கு இப்போது ஐந்தடியில்தான் தெரிகிறது. அதன் பழம் கரடியையும் கூப்பிடுகிறது. பாதையோரப் புதரைப் பத்தடிக்கு வெட்டி வைப்பது எவ்வளவு உயிரைக் காக்கும் என்பதைக் கணக்கிட்டால் எல்லாப் பஞ்சாயத்தும் அதை முதல் வேலையாகச் செய்யும்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தபின், தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் மட்டுமே போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. இது நல்லது. வழிகாட்டிகளில் பழங்குடியினர் பலர் இருப்பது இன்னும் நல்லது. லத்தியைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த அறிவுக்கே கூலி கிடைக்கிறது.

ஆனால் கட்டணம் கட்டி நடப்பவருக்குக் கிடைக்கும் வழிகாட்டி, கூடலூரிலும் பந்தலூரிலும் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. வால்பாறையில் கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்களுக்குத் தமிழ்க் குறுஞ்செய்தி படிக்க வராது. அவர்களுடைய பிள்ளைகள் மாலையில் லைன் வீட்டுப் பின்புறம், தேயிலைச் செடியை ஒட்டித்தான் விளையாடுகிறார்கள். சிறுத்தை அங்கேதான் வருகிறது. கழிப்பறை வீட்டுக்குள் இருந்தால் இருட்டில் ஒரு பெண் தேயிலைக்குள் குனிந்து உட்கார வேண்டியதில்லை. எச்சரிக்கை இந்தியிலும் அசாமியிலும் குரல் செய்தியாகப் போக வேண்டும். பேருந்து சாலையில் இறக்கிவிட்டுப் போகாமல், கடைசி நடையாவது லைன் வாசல்வரை போய்த் திரும்ப வேண்டும்.